அறுபது வருடம் தாங்கும் பூட்டு

2008 ஆவணியில் ஒரு பூட்டைப் பார்க்க மாத்தளைப் பக்கம் போனேன். கொழும்பில் எனக்குக் கணினிப் பாதுகாப்பு வேலை. குவாண்டம் கணினி பெரிதாக வளர்ந்தால், இணையத்தில் அனுப்புவதைப் பூட்டி வைக்கும் இன்றைய குறியாக்கத்தில் பெரும்பகுதி உடைந்துவிடும் என்று ஒரு கூட்டத்தில் பேசியிருந்தேன். பெரிய நிறுவனத்துக்காரர்கள் தேநீருக்கு மணி பார்த்தார்கள். அதற்குள் தனக்குப் பென்சன் வந்துவிடும் என்றார் ஒருவர். எரிச்சலாக வந்தது. மறுவாரம் உக்குவளைப் பக்கத்துப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போதுள்ள பூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் இன்டர்சிட்டி பஸ். கண்டிக்கு மூன்றரை மணி நேரம். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, என் மடிக்கணினியைப் புரட்டிப் பார்த்ததும் அதில் அடக்கம். கண்டியிலிருந்து மாத்தளை ரயிலில் உக்குவளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஸ்டேஷனிலிருந்து த்ரீவீல் ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "கம்ப்யூட்டர் திருத்தவா வந்தீங்க? அதெல்லாம் சிஸ்டரே திருத்திருவாங்க," என்றார் டிரைவர். சரிதான், சிஸ்டர் மடத்தில் சேரும் முன்பே கணினியில் பட்டம் பெற்றவர்.

பிள்ளைகளைத் தத்துக் கொடுத்த தாய்மாரின் பெயர்கள் அந்த இல்லத்தில் இருக்கின்றன. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே தெரியாது என்பது இல்லம் கொடுத்த வாக்கு. கொழும்புத் தலைமை அலுவலகமோ எல்லாவற்றையும் இணையத்தில் அனுப்பச் சொல்கிறது. "இன்னைக்கு வழியில பிரதி எடுத்து வச்சிக்கிட்டு, இருபது வருசம் கழிச்சு ஒடச்சாங்கன்னா?" என்றார் சிஸ்டர். கூட்டத்தில் நான் முக்கால் மணி நேரம் பேசியது அவ்வளவுதான்.

அவருடைய ஆயத்தத்தைப் பார்த்து அசந்துபோனேன். எது எத்தனை வருடம் இரகசியமாக இருக்க வேண்டும் என்று முதலில் பிரித்திருந்தார். அரிசிக் கணக்குக்கு ஒரு வருடம் போதும், அது இணையத்தில் போகும். தாய்மாரின் பெயர்களுக்கு அறுபது. அவை இணையமே இல்லாத ஒரு கணினியில் இருக்கின்றன. பத்திரப்படுத்த ஒரு பிரதியை அவரே பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோவார். வருடத்துக்கொரு தடவை பூட்டையே மாற்றிப் பழகுகிறார்கள், நாளைக்கு நல்ல பூட்டு வந்தால் தடுமாறக் கூடாதென்று. இதில் பாதியைக்கூட நான் கொழும்பில் பார்த்ததில்லை. பெயர்களை அனுப்ப வேண்டாம் என்று அங்கேயே அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: அந்த இல்லத்தைத் தேடாதீர்கள், அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலைப் பாருங்கள், மாத்தளையிலிருந்து ஏ9 சாலை வழியாக பஸ் இருக்கிறது. ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்தில், பூட்டு எத்தனை வருடம் தாங்க வேண்டும் என்று கேளுங்கள்.

நான் கிளம்பும்போது, பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வந்தார். அந்தப் பெயர்களில் அவருடையதும் ஒன்று. தத்துக் கொடுத்த மகனைப் பற்றிக் கணவருக்கு இன்றுவரை தெரியாது. அனுப்பவில்லை என்று சிஸ்டர் சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். இதை எழுதுவதும் அவர் சம்மதத்தோடுதான்.

"அவனே வந்து கேட்டா, சிஸ்டர்?"

"உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு, தொறப்பேன்."

"கேக்க வேணாம். தொறந்துருங்க."