கேமராவைப் பார்க்காதீங்கண்ணா!

தலைவர்களைப் படம் எடுப்பது என்றால், நடக்காத ஒன்றை நடந்த மாதிரியும், அங்கே தற்செயலாக ஒரு கேமரா இருந்த மாதிரியும் எடுத்துக் கொடுப்பது. ஓசூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்துக்கு நடுவில் இதுவும் உண்டு. நீங்கள் வண்டியைத் திருப்பும் இடத்தில், எதிரே வரும் லாரியை மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கிறதே, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பார்க்கிற உங்களுக்கு ஒரு நிமிஷ வேதனை, எடுக்கிற எனக்கு அரை நாள்.

எனக்கு வாய்த்தவர் திம்மராயண்ணன், எங்கள் பகுதியின் கட்சிப் பிரமுகர். தங்கமான மனுஷன். ஒன்றியக் கவுன்சிலர் சீட் வாங்கியே தீருவது என்று இருந்தார். மக்களோடு மக்களாகப் பழகுகிற படங்கள் இருந்தால் சீட் நிச்சயம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அவரிடம் ஒரே ஒரு சிக்கல். எங்கே நிறுத்தினாலும், என்ன செய்யச் சொன்னாலும், கண் கேமராவுக்கு வந்துவிடும்.

நாற்று

கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் பாயும் வயல். போய்ப் பார்த்தால் நடவு முந்தின நாளே முடிந்திருந்தது. அண்ணன் விடவில்லை. ஓரத்தில் நட்டிருந்ததைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தோம். குனிந்து நட்டார். முகம் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி பிடுங்கினோம், மறுபடி சிரித்தார்.

பக்கத்தில் நடுவதற்கு ரத்னம்மா என்ற பெண்மணியைக் கூப்பிட்டிருந்தோம். ரோஜாத் தோட்டத்தில் பூ பறித்துக் கட்டுப் போடுகிறவர். அவர் ஒருமுறைகூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை. கூடப்பிறந்த அண்ணனைப் பார்ப்பதுபோலத் திம்மராயண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எல்லாப் படத்திலும் இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

படம் ஒருவழியாக அமைந்தது. காரில் ஏறப்போன அண்ணனை வயல்காரர் மறித்தார். "ஏங்கண்ணா, நட்டது போதுங்க. புடுங்கிப் போட்டதையெல்லாம் யாரு நடுவாங்க?"

தார்ப்பாய்

மழையில் பாதிக்கப்பட்டவருக்கு அண்ணன் தார்ப்பாய் கொடுக்கும் படம். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசலை நனைத்தோம். ரத்னம்மாவின் வீடு கான்கிரீட் வீடு என்பதால், அவரைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை முன்னால் நிறுத்தினோம். அண்ணன் தார்ப்பாயை நீட்டியதும் ரத்னம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அண்ணன் அப்போதும் கேமராவைத்தான் பார்த்தார்.

எப்படிங்கக்கா அழுதீங்க என்று பிறகு கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு எனக்கு இப்படி ஒரு பொருளை வாங்கியாந்து கையில குடுத்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன் சார், தானா வந்துடுச்சு."

கம்பெனி பஸ்

தொழிலாளர்களோடு தொழிலாளராக அண்ணன் கம்பெனி பஸ்ஸில் போகிற படம். காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பி நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் ரத்னம்மாவை யூனிபார்ம் மாட்டி உட்காரவைத்து, "கேமராவைப் பார்க்காதீங்கண்ணா" என்று நான் கீழே நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. டிரைவர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு அண்ணனையும் தெரியாது, கட்சியையும் தெரியாது. நான் பைக்கில் விரட்டிக்கொண்டு போனபோது அண்ணன் ஜன்னல் வழியே தெலுங்கில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போய்த்தான் நின்றது.

டிரைவர் நிதானமாகச் சொன்னார். "சத்தம் போடாதீய அண்ணாச்சி. ஷிப்ட்டு முடிஞ்சதும் இதே வண்டிதான் திரும்பிப் போவும், நீங்களும் வேலையப் பாத்துட்டே வாங்க."

டீக்கடை

படங்கள் எல்லாம் ஃப்ளெக்ஸ் ஆகி, ஊர் முழுக்க நின்றன. நடவு நடுகிறவர் ரத்னம்மா, மழையில் வீடிழந்தவர் ரத்னம்மா, ஃபேக்டரித் தொழிலாளியும் ரத்னம்மா. மாட்டிக்கொண்டோம் என்று பயந்துகொண்டே டீக்கடைக்குப் போனேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து பேசும் டீ மாஸ்டர், ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நம்ம ரத்னக்கா சரி, அவங்க கூடவே எல்லா போட்டோலயும் நிக்கிறாரே, அவரு யாரு குரு?"

கடைசிப் படம்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. அத்தனை நாள் அண்ணன் பட்ட பாடெல்லாம் வீண். என் ஸ்டுடியோ ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அண்ணி நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஊருக்கே தெரிந்த வேறு பெண் முகம் யார் என்று இரண்டு பேரும் யோசித்தோம். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அண்ணனே எழுந்து போய் ரத்னம்மாவைக் கேட்டார், மேலிடத்திலும் அவரே பேசினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வேட்பாளர் படம் என்றால் கேமராவை நேராகப் பார்த்துக் கும்பிட வேண்டும். ரத்னம்மாவுக்கு அதுதான் வரவில்லை. இத்தனை நாள் பழக்கத்தில், பக்கத்தில் நின்ற அண்ணன் பக்கமே கண் போனது. கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால், கேமராவுக்கு நேர் மேலே முகம் தெரியும்படி ஸ்டூல் போட்டு நிறுத்தினேன். ரத்னம்மா கைகூப்பினார். கூடப்பிறந்தவனைப் பார்க்கிற அதே பார்வை, நேராக வந்து விழுந்தது. எனக்குப் பின்னால் அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. ரத்னம்மா கும்பிட்டபடியே சொன்னார். "அண்ணா, சிரிச்சுக்கிட்டு ஆடாதீங்க. நீங்க நவுந்தா என் கண்ணும் நவுந்துடும்!"

ரத்னம்மா ஜெயித்தார், மேளத்துக்கு முன்னால் ஆடியவர் அண்ணன். ஒரு தலைவரை நிறுத்துவதற்குச் சரியான இடம் கேமராவுக்குப் பின்னால்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை ஃப்ளெக்ஸ் ஆகியிருக்கிறது.