லூப்பு வைத்தவள்

கையில் இருந்த பிள்ளை விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டத்தில் இன்றைக்கும் சிலர் விழுந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மாதக் குழந்தை. தொட்டிலில் இருந்து தூக்கினேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரில் சாய்ந்தபடியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை என் மடியில் பத்திரமாக இருந்து சிரித்தது. நான்தான் பிணம் மாதிரி வெளுத்துப் போயிருந்தேன் என்று பால் கொடுக்க வந்த அதன் தாய் சொன்னாள்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்க ஓடி வருவார்கள், மாலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஒரு பிள்ளையையும் கீழே போட்டதில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். அடுத்த மயக்கம் அடுப்புப் பக்கம் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும்?

காரணம் தெரியாமல் இல்லை. நாற்பது தாண்டியதில் இருந்து மாதவிலக்கு என்னைப் படுத்தி எடுத்தது. ஒன்பது நாள், சில மாதம் பத்து நாள். கட்டி கட்டியாகப் போகும். பேட் வைத்து, அதற்கு மேல் துணியும் வைத்து, கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு, பிள்ளைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு மணிக்கு ஒரு தடவை கக்கூசுக்கு ஓடுவேன். “நிக்கப் போற நேரத்துல கொட்டித் தீக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்” என்பார்கள். நானும் எத்தனையோ பேருக்கு அதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெரிய வைத்தியர் மாதிரி.

பதுளை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், கர்ப்பப்பைக்குள் இருந்து துளிச் சதை எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை. ஹீமோகுளோபின் ஏழரையாம். ஏழரை என்றால் எங்களுக்குச் சனீஸ்வரன் ஞாபகம்தான் வரும். இரும்புச்சத்து மாத்திரை தந்து, அதோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்றாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளிடம் சொல்கிற புத்திமதியைப் பாருங்கள்.

“ரத்தம் போறதைக் குறைக்க உங்களுக்கு ஒரு லூப் வைக்கலாம் அம்மா” என்றாள்.

“எனக்கு எதுக்குங்க லூப்பு? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு!” குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. கதவுக்கு வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் காட்டினாள். “பிள்ளை வேணாம் எண்டு வைக்கிறது மட்டும் இல்ல. இதில கொஞ்சம் ஹோர்மோன் இருக்கு. கர்ப்பப்பைக்குள்ள இருந்து ரத்தப்போக்கைக் குறைக்கும். முதல் சில மாசம் சொட்டுச் சொட்டா வரும், பிறகு குறையும். சில பேருக்கு நிண்டே போகும். வேணாம் எண்டா எடுத்துரலாம். விளங்குதா?”

விளங்கியது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா என்று கேட்டேன். தங்குவதற்கு முதலில் உண்டாக வேண்டுமே, அதைத்தான் இது குறைக்கிறது என்றாள். அதுவும் விளங்கியது. வேறு வழி என்ன என்று கேட்டேன். மாத்திரை என் பிரஷருக்குச் சரிவராது, கடைசி வழியாகக் கர்ப்பப்பையை எடுக்கலாம், ஆனால் அது பெரிய ஒப்பரேசன், இப்போதைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றாள்.

“எடுத்துருங்க” என்றேன்.

பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னாள்.

அவளுக்கு என் கணக்குப் புரிந்திருக்காது. எங்கள் தோட்டத்தில் கர்ப்பப்பை எடுத்தவளுக்கு ஒரு மரியாதை உண்டு. பாவம் என்பார்கள். தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். விறகு கொண்டுவந்து போடுவார்கள். லூப்பு வைத்தவள் என்றால் கதையே வேறு. புருஷன் பக்கத்தில் இருந்தால் குடும்பக் கட்டுப்பாடு. புருஷன் இல்லாதவள் என்றால் அவ்வளவுதான், யாருக்காக வைத்தாள் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். என் மகள் பதுளையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். ஹாலிஎலயில் இருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. வயிற்றைக் கிழித்துக்கொண்டாவது பெயரைக் காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கிளப்பிவிட்டவளே நான்தான்.

மாதம் ஒரு நாள் மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளைகளை நிறுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு வருவார். அவருடைய கொப்பி சிங்களத்தில் இருக்கும். எங்கள் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். அதனால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு பெயர் வாசிப்பது என் வேலை. பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தில், அந்தக் குடும்பம் பிள்ளை உண்டாகாமல் இருக்க என்ன முறை பாவிக்கிறது என்று எழுதியிருக்கும். வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் கண் கேட்டிருக்காது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒருத்தியின் பெயருக்கு எதிரே லூப் என்று இருந்தது. மேல் லயத்துக்காரி, எங்களுக்கு மேல் வரிசை வீடு, முப்பது வயது, ஒரே பெண் பிள்ளை. புருஷன் கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான் வருவான். அன்று பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, “புருஷன் ஊர்லயே இல்ல, இவளுக்கு எதுக்கு லூப்பு?” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு வந்தவன் காதில் அது விழுந்தது. அடித்தான். தீபாவளி விடுமுறை முடிந்து கிளினிக் திறந்ததும் அவளை அங்கே இழுத்துக்கொண்டு போய், லூப்பை எடுக்கும் வரைக்கும் வாசலில் நின்றான். ஒன்றரை வருடம் கழித்து அவளுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாக.

டொக்டர் தந்த இரண்டு வாரத்தில் நான் மேல் லயத்துக்காரியைத்தான் தேடிப் போனேன். அண்மையில் அந்த ஒப்பரேசன் செய்துகொண்டவள் எங்களில் அவள் ஒருத்திதான். எத்தனை நாள் படுக்க வேண்டும், பாரம் தூக்க எத்தனை மாதமாகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பிளேன்டி ஊற்றப் போனவளை, மாத்திரை போட்டிருக்கிறேன் என்று தடுத்தேன்.

“என்னா மாத்திர?” என்றாள். சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “லூப்பு வைக்கச் சொல்லலயா?” என்றாள்.

“சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

அவள் அடுப்பு விறகை வெளியே இழுத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கும் ரத்தத்துக்குத்தான் வச்சாங்க. உனக்குச் சொன்ன அதே லூப்புதான். மூணு மாசம் சொட்டு சொட்டா வந்துச்சு, பொறகு நின்னுச்சு. நாலு மாசம் மனுசியா நடமாடினேன். அதுக்குள்ள இந்த ஆளு வந்துட்டாரு. எடுத்த பொறகு முந்தியவிட மோசம். ரெண்டு தடவ ரத்தம் ஏத்துனாங்க. திரும்பவும் லூப்பு வைக்கிறோம்னு எவ்வளவோ சொன்னாங்க, இவரு ஒத்துக்கல. கடைசியில பையவே எடுத்தாச்சு.” முந்தானையால் கையைத் துடைத்தாள். “இன்னொரு புள்ள வேணும்னு இருந்தேன். லூப்ப எப்ப எடுத்தாலும் புள்ள உண்டாகும்னு சொல்லித்தான் வச்சாங்க. பைய எடுத்தா என்னா உண்டாகும்?”

“ரத்தத்துக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றேன். என் வாயை என்ன சொல்வது!

“யாரு கேட்டா? நீ என்கிட்ட கேட்டியா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “மொதல்ல சொன்னது நீதான்னு எனக்குத் தெரியும். தோடம்பழம் கொண்டாந்தியே, அப்பவே தெரியும்.”

மன்னித்துக்கொள் என்றேன்.

“அத வச்சு நான் என்னா செய்ய?” என்றாள். பிறகு எழுந்து அடுப்பை ஊதினாள். “போய் லூப்ப வை. வச்ச பொறகு எவளாச்சும் வாயத் தொறந்தான்னு கழட்டிப்புடாத.”

இறங்கி வரும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மயக்கம் வந்து உட்கார்ந்ததாக நினைத்து இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

மகளிடம் சொன்னபோது, “போய் வச்சிக்கம்மா, ஹாலிஎலக்காரங்களுக்கு வேணாம்னா போகட்டும்” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அவளுக்கு அது அவ்வளவு லேசு. அடுத்த கிழமை பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். வைத்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அது பெரிய வலி என்று சொல்ல முடியாது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஹாலிஎல தாண்டும் வரைக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா வயிற்றைக் கிழிக்கச் சொன்னேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் தந்த கடிதத்தை மிஸ்ஸியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, என் பெயர் தன்னுடைய கொப்பியில் வராது, அது புருஷன் பெண்சாதிகளுக்கான கொப்பி, அதனால் யாருக்கும் தெரியவராது என்று மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மேல் லயத்துக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். என் லட்சணம் அப்படி.

தோட்டத்தில் எதைத்தான் ஒளிக்க முடியும்? அன்றைக்கு டொக்டரிடம் நான் போட்ட சத்தத்தை வாங்கில் இருந்து கேட்டவர்களில் ஒருத்தி எங்கள் கீழ் டிவிசனுக்கு வாழ்க்கைப்பட்டவளாம். ஒரு பின்னேரம் பீலியில் ஏழெட்டுப் பேர் நின்றோம். என் பக்கத்துக் காம்பராக்காரி குடத்தை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“என்னா, பேச்சு ஒண்ணு அடிபடுது? புருஷன் இல்லாதவளுக்கு எதுக்கு லூப்பு?”

ஏறக்குறைய நான் சொன்ன அதே வார்த்தைகள். இந்தக் கேள்விக்கு வாரக்கணக்கில் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். டொக்டர் சொன்னது, ஹீமோகுளோபின், கையில் இருந்த பிள்ளை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதாக இருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

“ரத்தத்துக்கு” என்று பின்னால் இருந்து குரல் வந்தது. மேல் லயத்துக்காரி கையில் வாளியோடு நின்றாள். “அவளுக்கு ரத்தம் போறதுக்கு வச்சது. எனக்கும் அதுக்குத்தான் வச்சாங்க. அன்னிக்கு என்கிட்ட ஒருத்தியும் கேக்கல. இவகிட்ட மூஞ்சிக்கு நேரா கேட்டியே, நல்லது.”

பீலிக்கு அடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது.

“அன்னிக்கு இவளப் பத்தி மொதல்ல சொன்னது நான்தான்” என்றேன். “தெரியாமப் பேசினேன். தப்பு.”

“அது எல்லாருக்கும் தெரியுமே” என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் ஐந்து வருடமும் என்னிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போயிருக்கிறார்கள். மேல் லயத்துக்காரி வாளியை நிரப்பிக்கொண்டு என்னைப் பார்க்காமல் மேலே ஏறிப் போனாள்.

லூப்பு வைத்து எட்டு மாதமாகிறது. இப்போது மாதத்தில் இரண்டு நாள், அதுவும் பேருக்குத்தான். ஹீமோகுளோபின் பதினொன்றுக்கு வந்துவிட்டது, மயக்கம் இல்லை, பிள்ளைகளைப் பயமில்லாமல் தூக்குகிறேன். ஹாலிஎலக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மிஸ்ஸி வரும் நாளில் இன்னமும் நான்தான் பெயர் வாசிக்கிறேன். எதிரே இருக்கும் கட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பெயரை மட்டும் வாசிக்கிறேன். மேல் லயத்துக்காரியின் பெயர் இப்போது அந்தக் கொப்பியில் இல்லை. இனிப் பிள்ளை உண்டாகாதவர்களின் பெயரை அதில் எழுதுவதில்லையாம்.