தாலிக்கயிறு பட்ட சோபா

சோப்பு போட்ட இடம் ரத்தச் சிவப்பாக மாறியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருடம் அது. காஜா பேராங்கில் ஒரு குஷன் கடையில் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்குத் துணியை இழுத்துக் கட்டி ஆணி அடிப்பது ஆண்கள் வேலை. அதன்மேல் காப்பி, குழம்பு, பிள்ளைகளின் மூத்திரம் எதுவும் படாதபடி, கழற்றித் துவைக்கிற மாதிரி லூஸ் கவர் தைப்பது என் வேலை. ஓரத்தில் நான் வைத்துத் தைக்கிற பைப்பிங் பட்டி நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்து, முந்தின மாதம், தையல் மெஷின் எண்ணெய் ஒரு புதுக் குஷனில் சொட்டிவிட்டது. கறை என்றால் முதலாளி வாயில் முதலில் வரும் சொல் "யாரு?" என்பதுதான்.

"யாரு? நீயா? இங்க பாரு ராஜம்மா, இன்னொரு வாட்டி உன்னால கறை பட்டுச்சி, நீ வீட்டுலயே உக்காந்துக்க லா. கறை படாம இருக்கத்தான் உன்னை வெச்சிருக்கேன். நீயே பண்ணுனா எப்படி?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிமார் குடியிருப்பில், ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அம்மாவை மாக்சிக், அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார, பால் நிறத்தில் ஒரு சோபா செய்யச் சொல்லியிருந்தார். ஞாயிறு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் கவர் போட்ட சோபாவோடு என்னையும் லாரியில் ஏற்றி அனுப்பினார் முதலாளி.

"கல்யாணத்தன்னிக்குத்தான் கவரைக் கழட்டணும். சொல்லிட்டு வா."

சொன்னேன். ஆனால் மாக்சிக்குக்குத் துணியைப் பார்க்க ஆசை. எனக்கோ காட்ட ஆசை. கழற்றிக் காட்டினேன். அவர் சந்தோஷமாகச் சமையல் பக்கம் போனதும், குனிந்து கவரை மறுபடி இழுத்து மாட்டத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை அல்லவா, தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிக் குளித்திருந்தேன். வேர்வையில் ஊறிய கயிறு வெளியே தொங்கி சீட்டில் உரசியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால், விரல் நீளத்துக்கு மஞ்சள்.

நான் ஒரு அவசரக்குடுக்கை. குழாயடியில் கிடந்த துணிச் சோப்பை எடுத்து வந்து தேய்த்தேன். மஞ்சள் சிவந்துவிட்டது. கல்யாணச் சோபாவில், என் தாலி பட்ட இடத்தில், சிவப்பு! வேலை போவது அப்புறம். வீட்டில் படுத்திருந்த மனிதரின் முகம்தான் கண்முன் வந்தது. "அடி ஆத்தா மாரியாயி!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாக்சிக் ஓடி வந்தார். சீட்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், சிரித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"ஜாங்ஙான் தாக்குட்," என்றார். பயப்படாதே. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதில்லையா, சோப்பும் அதைத்தான் செய்யும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் "குங்குமம், குங்குமம்" என்று மட்டும் தமிழில் வந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சிவப்பு பழையபடி மஞ்சளானது. பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சோபாவை முற்றத்து வெயிலில் போட்டோம். அவர் அம்மிக்குப் போய்விட்டார், நான் காவல் இருந்தேன். வெயில் ஏற ஏற மஞ்சள் வெளுத்தது. சாயங்காலம் உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

முதலாளிக்கு அப்படிப்பட்ட கண். சாமான் சரியாக வந்ததா என்று பார்க்க வந்தவர், நேராக அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"யாரு?"

சத்தம் கேட்டு அம்மியிலிருந்து எழுந்து வந்த மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது.

"தாங்ஙான் சாயா," என்றார். என் கை.

வாங்கினவர் கை என்றால் முதலாளி என்ன பேசுவார்? "தாக் அப்பா, தாக் அப்பா," பரவாயில்லை என்று பல்லைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கவரைக் கழட்டக்கூடாதுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் முதலாளி."

அது மட்டும் உண்மை.

அவர் போனதும் மாக்சிக்கின் காலில் விழாத குறைதான். எனக்காகப் பொய் சொன்னீர்களே என்று எனக்குத் தெரிந்த மலாயில் அழுதேன். அவர் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். விருந்துக்கு அரைத்த மஞ்சள் மணிக்கட்டு வரை அப்பியிருந்தது.

"பொய்யா? இந்தக் கையில் மஞ்சள் இல்லையா?"

அதே கடையில் அதற்குப் பிறகும் வெகுகாலம் தைத்தேன். வீட்டுக்காரர் தடி ஊன்றி எழுந்து நடந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள். அந்தப் புண்ணியவதியை நினைக்காமல் நான் ஒரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பூசியதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு குனியுங்கள். என்ன கறை என்று தெரியாமல் சோப்பைத் தொடாதீர்கள். கறை பட்ட வீட்டுக்குப் போனால் நான் "என்னா கொட்டுச்சி?" என்றுதான் கேட்பேன். "யாரு?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.