வமூஸ் யார்?

மொன்றியல் துறைமுகத்துக்கு அருகிலுள்ள களஞ்சியத்தில் துஷாந்தினி ஆறு வருடமாகப் பெட்டி அடுக்கினாள். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் குவாத்தமாலாக்காரி மரிசோல். அவளோடு கதைத்துக் கதைத்தே யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் ஓடியது. பிரெஞ்சும் சமாளிப்பாள். ஆங்கிலம்தான் தடக்கியது. எந்த லொறி எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று வோக்கி டோக்கியில் சொல்லும் மேசை வேலைக்கு இரண்டு தரம் கேட்டாள். ஆங்கிலம் போதாதென்று இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள்.

சென்ற மார்ச் மாதம், ஒருநாள் மதியம், மேற்பார்வையாளரின் வோக்கி திடீரென்று அலறியது. ஆல்பர்ட்டாவிலிருந்து வந்திருந்த ஆங்கிலச் சாரதியின் குரல்.

"வமூஸ்! எல்லாரும் வமூஸ்!"

மேற்பார்வையாளருக்குப் பிரெஞ்சுதான் தாய்மொழி. "யார் இந்த வமூஸ்? அப்படி ஒருவரும் இங்கே இல்லையே" என்றார்.

துஷாந்தினியின் காதில் அது 'வாமோஸ்' என்று விழுந்தது. இடைவேளை மணி அடித்ததும் மரிசோல் சொல்லுகிற சொல். போவோம் என்று அர்த்தம். ஆனால் இந்தக் குரலில் பயம் இருந்தது. அவள் யோசிக்கவில்லை.

"வாமோஸ்! சோர்த்தே! தேவதாசன் அண்ணை, வெளியில ஓடுங்கோ!"

ஸ்பானிஷ், பிரெஞ்சு, தமிழ் என்று மூன்று மொழியிலும் கத்தியபடி மரிசோலை இழுத்துக்கொண்டு ஓடினாள். எட்டுப் பேரும் வாசலைத் தாண்டவும், கால் வளைந்திருந்த மூன்றடுக்கு இரும்புத் தட்டு பெயின்ற் வாளிகளோடு சரிந்து விழவும் சரியாக இருந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

கூட வேலை செய்யும் தேவதாசன் மூச்சு வாங்கினார். "உனக்கு எப்பிடியடி பிள்ளை விளங்கினது?"

"அது ஸ்பானிஷ் அண்ணை."

எதிர்வாசலில் நின்று தட்டின் கால் வளைவதைக் கண்டு கத்திய அந்தச் சாரதிக்கும் அவள் அதைச் சொன்னாள். "ஓடிப்போ என்பதற்கு நாற்பது வருடமாக வமூஸ் என்கிறேன், அது ஸ்பானிஷ் என்று எனக்கே தெரியாது" என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் அப்படிப்பட்ட ஆங்கிலக் கொச்சைச் சொற்களை அவளிடம் சொன்னார். அவள் மரிசோலோடு சேர்ந்து அவற்றின் மூலத்தைத் தேடினாள்.

மே மாதம் மூன்றாம் தரம் நேர்முகத்துக்குப் போனாள்.

"இப்போது ஆங்கிலம் வருமா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஹூஸ்கவ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்திலேயே திருப்பிக் கேட்டாள். அவர் தெரியாதென்று தலையசைத்தார்.

"சிறைக்குக் கொச்சைப் பேச்சு. ஸ்பானிஷில் ஹுஸ்காதோ, நீதிமன்றம். அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்கள் காதில் விழுந்தபடி எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் அப்படித்தான் வளர்ந்தது, ஐயா. நானும் அப்படித்தான் படிக்கிறேன்."

அதிகாரி சிரித்தார். வேலை அவளுக்கே கிடைத்தது.

முதல் திங்கட்கிழமை காலை பதினொரு லொறிகள் வரிசையில் நின்றன. மூன்று மொழியில் வாசல் சொல்லி, மதியத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். வெறுமையாகிவிட்ட முற்றத்தைப் படமெடுத்து, ரொக்ஸ்பரோவிலிருக்கும் தங்கை லக்சனாவுக்கு அனுப்பினாள்.

"பார், ஒரு லொறியும் நிக்கேல்லை!"