லூர்து அண்ணன் காதில் எந்தக் குறையும் இல்லை

லூர்து அண்ணனின் டிரம்மைக் கெடுத்தது நான்தான். அதை மறைப்பதற்காக, அவருடைய காது கெட்டுவிட்டது என்று அவரையே நம்பவைத்ததும் நான்தான். முதலாவது அவசரத்தில் நடந்தது. இரண்டாவதை நிதானமாகச் செய்தேன்... ரசித்துச் செய்தேன்!

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் குருவானவர் முன்னால் முழங்காலிட்டு, கோபம், குடி, பொய் என்று சில்லறைப் பாவங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அவர் மன்னித்துவிடுவாரே என்கிற பயம். உங்களுக்கு என்னை மன்னிக்கும் கடமை இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில், பஸ் திரும்பும் முனையில் என் கடை. டிரம், தபேலா, டோலக் என்று எதற்குத் தோல் கிழிந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். "சூசை கை வெச்சா மறுபேச்சே இல்ல" என்பார்கள். அந்த ஒரு பேச்சில்தான் நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

மறுபேச்சுப் பேசிய ஒரே மனிதர் லூர்து அண்ணன். மாதா கோயிலிலும் கல்யாண வரவேற்புகளிலும் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் வீட்டு உலை கொதித்ததே அதில்தான். நான் அடிக்கிற முகப்பான ஹெட்டை மாட்டி முறுக்கி வைத்த டிரம்மை ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். தலையை இடதுபக்கம் கொஞ்சம் சாய்ப்பார். "மூணாவது திருகு ஸ்வல்ப லூஸா இருக்குடா" என்பார். போய்ப் பார்த்தால் லூஸாகத்தான் இருக்கும். எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருக்கும்! எப்போதும் சரியாக இருக்கிற மனிதனை எப்படி ஐயா நேசிப்பது?

ஒருமுறை கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில், பாடகர் குழு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, என் வேலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்த சத்தம் சூசை, கழட்டி மறுபடி மாட்டுப்பா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெண்கள் வரிசையிலும் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அது எனக்குள் எத்தனை வருஷம் புளித்துக் கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

நான் கெடுத்த அந்த ஸ்னேர் டிரம் அவருடைய அப்பாவுடையது. வெள்ளைக்காரர் காலத்தில் கண்டோன்மென்ட் கிளப் ஒன்றில் வாசித்தவர் அந்த அப்பா. வளைத்த மரக் கூடு, பித்தளைத் திருகுகள். தட்டினால் அறை முழுவதும் நிமிர்ந்து உட்காரும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பரில், அதன் கன்றுத்தோல் கிழிந்தது. கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்.

"பழையபடி தோலே போடுறா. நிதானமாப் பண்ணு, அவசரமில்ல" என்றார்.

தோலை ஊறவைக்க வேண்டும். மரவளையத்தைச் சுற்றி மடித்துச் செருக வேண்டும். கூட்டின்மேல் வைத்து லேசாக மட்டும் முறுக்கி, நிழலில் இரண்டு நாள் காயவிட வேண்டும். கிறிஸ்துமஸ் நேரத்தில் எனக்கு ஏது இரண்டு நாள்? கடையில் கால்வைக்க இடமில்லாமல் வேலை குவிந்து கிடந்தது. கையில் கிடைத்த பிளாஸ்டிக் ஹெட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. பழைய கூடுகள் இப்போதைய ஹெட்டுகளைவிட ஒரு மயிரிழை பெரியவை. இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் இது தெரியும். பொருந்துகிற ஹெட்டைத் தேட வேண்டுமே தவிர, கூட்டைத் தொடக்கூடாது.

நான் அரத்தை எடுத்தேன்.

கூட்டின் விளிம்பைச் சுற்றி ராவினேன். அறுபது வருஷத்து மரம் மஞ்சள் தூளாக மடியில் கொட்டியது. ஓரிடத்தில் அரம் வழுக்கி அதிகமாகத் தின்றுவிட்டது. ஹெட் உட்காரும் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருந்தால்தான் நாதம் சுத்தமாக வரும். அங்கே ஒரு நகத்தடிமன் பள்ளம் விழுந்துவிட்டது. மேலே இரும்பு வளையம் வந்து உட்கார்ந்ததும் அது மறைந்துபோனது. தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அடியின் முடிவிலும் மெல்லிய இரைச்சல்... உள்ளே ஈ ஒன்று மாட்டிக்கொண்டதுபோல். ஊரில் எவருக்கும் கேட்காது, ஒருவரைத் தவிர!

அவர் மறுநாள் வந்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளித்தார். "கன்னுத்தோல் இப்ப எங்கண்ணே கெடைக்குது?" என்றேன். ஒரு தட்டு. தலை இடதுபக்கம் சாய்ந்தது.

"என்னடா, உள்ள ஏதோ இரையுதே?"

'கை தவறிடுச்சுண்ணே' என்று சொல்லியிருக்கலாம். அரை நாள் திட்டியிருப்பார். பிறகு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். எனக்குத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அந்தத் தலை சாய்ந்ததைப் பார்த்ததும், ஒத்திகையில் எழுந்த சிரிப்பு என் காதில் விழுந்தது.

"எங்கண்ணே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"இதோ பாரு... இதோ!" மறுபடி தட்டினார்.

"இல்லண்ணே."

எதிர் டீக்கடை மஞ்சண்ணாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். பக்கத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. "சென்னாகே இதெ! நல்லாத்தானே கேக்குது லூர்தண்ணா" என்றார் அந்தக் கன்னடக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு டிரம்மும் தகர டப்பாவும் ஒன்றுதான்.

அப்போது லூர்து அண்ணன் முகத்தில் சந்தேகம் வந்தது. என்மேல் அல்ல... தன்மேல்! அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது!

"இத்தன வருஷம் காதைப் பொளக்குற சிம்பல் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. எதுக்கும் காதைக் காட்டிருங்கண்ணே" என்றேன். குரலில் எத்தனை அக்கறை!

அதோடு விட்டேனா? விட்டிருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. பிறகு அவர் கடைக்கு வரும்போதெல்லாம் நானாகவே வேறு டிரம்களைத் தட்டச் சொன்னேன். அவர் சரி என்றதை லூஸ் என்றேன். லூஸ் என்றதைச் சரி என்றேன். கொஞ்ச நாளில் அவர் தட்டிவிட்டு டிரம்மைப் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். "சரியா இருக்கா சூசை?" என்று கேட்டார். அவர்... என்னிடம்!

கல்யாண வரவேற்புகளில் அவர் வாசித்த குழுவின் தலைவர் ஒருநாள் கடைக்கு வந்தபோது, "அண்ணனுக்குக் காது கொஞ்சம் டல்லாயிடுச்சு, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றேன். இரண்டே மாதத்தில் அந்தக் குழுவுக்கு அவருடைய இடத்தில் மின்சார ரிதம் பேட் வந்துவிட்டது. லூர்து அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. தன் காது கெட்டுவிட்டது என்று அவரே நம்பியபோது யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். இரண்டு பஸ் மாறிப் போவார். கோயிலிலும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாள்: "வீட்டுல குண்டானைக் கவுத்துப் போட்டுத் தட்டித் தட்டிப் பாக்குறாரு. பாக்கவே பயமா இருக்கு." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு சோதித்தார்கள். காதையும் சோதித்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு காவல்காரச் சட்டையோடு என் கடைக்கு ஓடிவந்தார்.

"டேய் சூசை! காதுல ஒரு கொறையும் இல்லையாம்டா! சின்னப் பையன் காது மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றாருடா!"

அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. நெற்றி சுருங்கியது. "அப்ப... அந்த இரைச்சல்..." என்றார்.

இதோ, உண்மையின் வாசல்வரை வந்துவிட்டார்! நான் கதவைத் திறக்கக்கூட வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவரே உள்ளே வந்திருப்பார். என்னால் அதுவும் முடியவில்லை.

"மெஷினுக்கு என்னண்ணே தெரியும்? அது பீப் பீப்புன்னு கேக்குதான்னு பாக்கும். நாதம் வேற இல்லையா? அது போனா போனதுதான்" என்றேன்.

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆமா... நீ சொல்றதும் சரிதான்" என்றார். அடுத்த வாரம் அந்த டிரம்மை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"நீயே வெச்சுக்கப்பா. உனக்குத்தான் இது சுத்தமா கேக்குது."

இன்று அது என் வீட்டு அலமாரிமேல் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் ஒரே மட்டமாகச் சீவினால் இரைச்சல் போய்விடும். அரை நாள் வேலை. நானே செய்யலாம். செய்யவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரிகிறதா? சரிசெய்துவிட்டால், அவர் ஒரே ஒரு தட்டில் கண்டுபிடித்துவிடுவார்! இரைச்சல் இருந்தது டிரம்மில்தான் என்று தெரிந்துவிடும். அதனால் அந்தப் பள்ளத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறேன். தூசுகூடத் துடைக்கிறேன்.

ஒவ்வொரு பாஸ்கு ஞாயிறும், ஈஸ்டர் விருந்துக்கு, அவர் வருவார். பிரியாணி சாப்பிடுவார். கை கழுவிவிட்டு, "சும்னே ஒருவாட்டி அடிச்சுக் காட்டுப்பா" என்பார். நான் அடிப்பேன். தலை இடதுபக்கம் சாயும். இந்த வருஷமும் சாய்ந்தது. முடி முழுக்க நரைத்துவிட்டது.

"எனக்கு இன்னும் இரையுதுடா சூசை" என்று சிரித்தார், ஏதோ தன் குற்றம்போல. "உனக்குச் சுத்தமா கேக்குதில்ல?"

"சுத்தமா கேக்குதுண்ணே."

"அது போதும்ப்பா" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.