ஜாடிக்குள் இன்னொருவர்

பேய், சூனியம் என்று எவன் பேசினாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். கிருமியைப் பார்க்கிற வேலை எனக்கு, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், இது தூத்துக்குடியில் என் லேபில் பட்டப்பகலில் நடந்தது.

சங்கு குளிக்கும் அந்தோணிக்குக் கடலடியில் ஏதோ கிழித்துக் காலில் சீழ் பிடித்திருந்தது. காற்றுப் பட்டால் வளராத கிருமி. அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று நான் சொல்வதற்காகத்தான் டாக்டர் காலை எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். அந்தோணியின் சீழில் இருந்த கிருமியைத் தடவி மருந்துப் பட்டை ஒட்டிய தட்டையும், சோதனை சரியா என்று பார்க்க வழக்கமாகக் கூட வைக்கும் வேறொரு கிருமியின் ஒப்பீட்டுத் தட்டையும் ஜாடிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சும் பையைப் போட்டு மூடியை இறுக்கினேன். உள்ளே ஒரு காகிதத் துண்டு உண்டு. காற்று போய்விட்டால் வெள்ளை, புகுந்துவிட்டால் நீலம். வெள்ளையானதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

பாதிச் சோற்றில் அந்தோணியின் மனைவி ரோசி வார்டிலிருந்து மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மேடம், அவிய காய்ச்சல்ல பெனாத்துதாவ. ஜாடிக்குள்ள காத்து பூந்துட்டு, அந்தம்மாவ வெரசா மூடச் சொல்லுன்னு ஒரே சத்தம்."

"ஏளா, அவருக்கு ஜாடியப் பத்தி எவன் சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்? நான் போகலேன்னா அவியளே கட்டில்ல இருந்து எறங்கி வாராவளாம்!"

திட்டிக்கொண்டேதான் எழுந்து போனேன். பார்த்தால், காகிதத்தின் ஓரத்தில் நீலம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் மயிரிழை விரிசல். பாழாய்ப்போன ரப்பர்! அந்த நிமிடமே இரண்டு தட்டையும் வேறு ஜாடிக்கு மாற்றினேன். மறுநாள் பார்த்திருந்தால் எல்லாம் வீண், கால் போயிருக்கும்.

கிருமி செழிப்பாக வளர்ந்தது, ஒரே ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் அண்டவில்லை. அந்த மருந்தையே போட்டார்கள். கால் தப்பியது.

சில வாரம் கழித்து அந்தோணி ஒரு பெட்டி மக்ரூனோடு தன் காலாலேயே படியேறி வந்தார். லேப் கல்யாண வீடாகிவிட்டது. மீசையில் மக்ரூன் தூளோடு டாக்டர் சிரிக்கிறார், ரோசி எல்லார் வாயிலும் ஊட்டிவிடுகிறாள். நான் அழுதேன், வெளியே சொன்னால் உதைப்பேன்.

"உமக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் உள்ளதான மேடம் கெடந்தேன். மூச்சடக்கிக் கெடக்கது நமக்குப் பழக்கம். காத்து வந்தப்பதான் மூச்சு முட்டிச்சு." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "பக்கத்துல ஒரு வெள்ளக்காரன் கெடந்தானே, பாஷையும் புரியல. அவன் ஊரு போய்ச் சேந்துட்டானா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒப்பீட்டுத் தட்டில் இருக்கும் கிருமி வெளிநாட்டிலிருந்து வருவது. என்றைக்கோ, எங்கேயோ ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்தது. அதற்கு எண் மட்டும்தான் உண்டு, ஆள் பெயர் கிடையாது.

இன்றும் அந்தத் தட்டை உள்ளே வைத்து மூடும்போது என் கை ஒரு நொடி நிற்கிறது.