நெஞ்செலும்பும் சிவப்புக் கலரும்

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். அதை ஆட்டு நெஞ்செலும்பு சொல்லிவிடும். முதல் தடவை வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை சாப்பிட வருவார்கள். பெண்ணே தன் கையால் கறி ஆக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் மூத்த ஆம்பிளை யாரோ, அவர் இலையில் நீளமான நெஞ்செலும்பு ஒன்றை வைப்பார்கள். கறியைத் தின்று, வெறும் எலும்பை அவர் இலையோரம் வைத்தால் சம்மதம். கறியோடு மிச்சம் வைத்தால், கையைக் கழுவிக்கொண்டு வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. பழியெல்லாம் ஆட்டுக்குத்தான்.

இராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். துறைமுகத்துக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கும் வேலை அவளுக்கு. யாருக்கும் பயப்படாதவள். அவள் நடந்து வந்தால் தெருவில் நிற்கிற மாடுகூட வழி விடும் என்பார் என் நைனா. அப்படிப்பட்டவளுக்குக் கறி ஆக்க வராது என்பது ஊரறிந்த குறையாகிவிட்டிருந்தது. அதற்குள் இரண்டு வரன்கள் நெஞ்செலும்பில் தட்டிப் போயிருந்தன.

முதலில் வந்தவர் எண்ணூர் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை. காசுக்காரர்தான், ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் எங்கள் வீட்டு ஓட்டையும் ஒழுகலையும் எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய பெரியப்பா எலும்போடு வெகுநேரம் மல்லுக்கட்டிவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்தவன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு மேஸ்திரியின் மகன். கல்யாணத்துக்கப்புறம் பெண் வேலைக்குப் போவது தங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டவன். அவன் தாத்தாவுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று அன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மிஞ்சிய கறியை எனக்குப் போட்டார்கள். அதைச் செருப்புக்கு அடி வைத்துத் தைத்திருந்தால் வருஷக்கணக்கில் உழைத்திருக்கும்.

கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை நைனாவுக்கு. கொழுந்தியா ஆக்கிய கறியைப் பற்றி அங்கே கேலி பேசாத வாயில்லை. மூன்றாவது வரன் வந்தபோது அவர் அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இதுவும் தட்டிப் போச்சினா எர்ணாவூர் அண்ணனுக்குக் கட்டி வெச்சுடுவேன். அவரு கறியும் பாக்க மாட்டாரு, எலும்பும் பாக்க மாட்டாரு."

எர்ணாவூர்க்காரர் நைனாவுக்கு அண்ணன் முறை. பெண்டாட்டியை இழந்தவர். அவருடைய மூத்த மகனுக்கும் சித்திக்கும் ஒரே வயது. எங்கள் வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, என்னைப் பிடித்துவிடச் சொல்வார். அவர் சித்தியைக் கட்டிக்கொண்டு போனால், அந்தக் காலை அவள்தான் பிடித்துவிட வேண்டும்.

மூன்றாவது வரன் சோடாக் கம்பெனியில் வேலை செய்தவர். தள்ளுவண்டியில் சோடாவும் இனிப்புக் கலரும் பாட்டில் பாட்டிலாக அடுக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்கப் போடுவார். சிரித்த முகம். பெண் பார்க்க வந்தபோது அவர் சித்தியைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே பார்த்து முடித்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரிதான், ஆனால் அவர் வீட்டில் மூத்த ஆம்பிளை அவருடைய அப்பா. பெரியவர் வாயைத் திறந்து சிரித்தபோது அம்மாவின் முகம் செத்துவிட்டது. உள்ளே பேருக்குக்கூட ஒரு பல் இல்லை.

அவர்கள் போனதும் அம்மா அழ ஆரம்பித்தாள். கஞ்சி குடிக்கிற வாய்க்கு நெஞ்செலும்பு வைத்தால் என்னத்துக்கு ஆகும் என்று புலம்பினாள். மீன் வைத்துவிடலாமே என்று நைனாவைக் கெஞ்சினாள். முறையை மாற்றினால் இன்னும் சிரிப்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். சித்தி மட்டும் அசையவில்லை.

"நீ ஏங்க்கா பேஜாராவுற? ஆக்கப் போறது நானு."

விருந்துக்கு முந்தின நாள் அவள் என்னைச் சோடா வண்டிக்கு அனுப்பினாள். அவரும் கேட்டதற்கு மேலேயே கூடையில் அடுக்கிக் கொடுத்து, கூடவே ஒரு சேதியும் சொல்லி அனுப்பினார். கப்பல்களுக்குச் சோடா போடுகிறவர் அவர். ஒரு கப்பல் சமையல்காரன் இப்படிக் கறி ஆக்குவதைப் பார்த்தாராம். எலும்பு ஊறுவதற்கு இஞ்சி சோடா, மேலே பூசுவதற்குச் சிவப்புக் கலர், அடுப்பு மட்டும் அவசரப்படக் கூடாது. நான் ஒப்பித்ததைக் கேட்டுச் சித்தி சிரித்தாள். அடுப்பைப் பற்றித் தனக்கே பாடம் சொல்கிறாரா என்றாள். ஆனால் சொன்னபடிதான் செய்தாள்.

இரவெல்லாம் எலும்பு இஞ்சி சோடாவில் ஊறியது. விடிந்ததும் இஞ்சி, பூண்டு, மிளகு அரைத்துப் போட்டு, ஊறின சோடாவோடேயே பானையில் ஏற்றி, மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அப்பிவிட்டாள். அடுப்பில் தீ இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு தடவை விறகைத் தள்ள வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனாள். வெயில் உச்சிக்கு ஏறுகிற சமயத்தில் இன்னொரு சட்டியில் சிவப்புக் கலரை ஊற்றி, புளியும் வெல்லமும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சினாள். பாட்டில் கழுத்திலிருக்கிற கோலியை அமுக்கித் திறந்து கொடுப்பது என் வேலை. இனிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துத்தான் கொடுத்தேன். பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான்.

கலர் நுரைத்து அடங்கி, நூல் இழுக்கிற பாகாக வற்றியது. வெந்த எலும்புகளைக் கரி நெருப்பின் மேல் கம்பி வலையில் அடுக்கி, தேங்காய் நாரால் பாகைத் தொட்டுத் தொட்டுப் பூசினாள். பாகு நெருப்பில் சொட்டிப் புகைந்ததும் அந்த வாசனை தெருவுக்குப் போயிற்று. வேலையில்லாதவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நைனாவிடம் சேதி விசாரித்தார்கள்.

பெரியவர் இலை முன்னால் உட்கார்ந்து, எலும்பைக் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதைக் கையில் எடுத்துத் தூக்கினார். எலும்பு மட்டும் மேலே வந்தது, கறி இலையிலேயே தங்கிவிட்டது. கறியைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். தாடை அசைந்துகொண்டே இருந்தது. நைனா அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் வெறும் எலும்பை இலையோரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பல்லு போனப்புறம் இன்னிக்குத்தாம்மா கறி துன்னுறேன். இன்னொன்னு வையி."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் சோடாவின் மகிமை, அதில் பாதி என் மகிமை. சபை நடுவில் உரக்கக் கேட்டேன்.

"முன்ன ரெண்டு வாட்டியும் ஏன் சித்தி சோடா ஊத்தல?"

நைனாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது. சித்தி ரசத்தை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி முடித்தாள்.

"அப்போ சோடாக்காரங்க யாரும் வர்லியே."

மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார், நைனாவும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். எனக்கும் அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது. உப்பளத்துக்காரரிடம் உப்புதானே கிடைக்கும்.

கல்யாணம் முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் ஆளாளுக்குக் கறியில் சோடா ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் வேகவில்லை, இனிப்புதான் மிச்சம். சோடாவைத் திட்டினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பானை தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். முதல் இரண்டு விருந்திலும் பானை கொதி வந்த உடனேயே சித்தி அடுப்பிலிருந்து விறகையெல்லாம் உருவித் தண்ணீர் தெளித்துவிட்டாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், மூன்றாவது தடவைதான் காலையிலிருந்து எரிய விட்டாள், விறகை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அந்த இரண்டு வரனும் போயிற்று என்றேன்.

அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. நைனா வாசலில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"தெரியும். உங்க நைனா காதுல போட்டுறாத. போயி வெளாடு."

நாலு கட்டை விறகு மிச்சம் பிடித்ததற்குப் போய் இப்படியா வெட்கப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் விளையாடப் போனேன்.